வெளியூர்க் குடும்பங்களோடு பேசுவது எப்படி: ஆண், பெண் என்று நாமே முடிவு செய்வதற்கு முன்

ஐசாலிலிருந்து போனில் ரூம் கேட்டார்கள். பெயர் ‘ஆ’வில் முடிந்தது. நம் ஊரில் கீதா, சித்ரா, சுதா என்று கேட்டுப் பழகிய காது, பெண் என்று முடிவு செய்துவிட்டது. பெண்கள் மட்டும் தங்கும் மூன்றாவது மாடியில் ஒரு கட்டில் ஒதுக்கி, நோட்டில் ‘லேடீஸ்’ என்று எழுதி வைத்தேன். வந்து நின்றவர் ஐம்பது வயது ஆண், சிறுநீரக நோயாளி. வேறு ரூம் காலியாகும் வரை மே மாத வேலூர் வெயிலில் இரண்டு மணி நேரம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. மிசோ மொழியில் ஆண்களின் பெயர் ‘ஆ’வில் முடியும், பெண்களின் பெயர் ‘ஈ’யில் முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். மிசோரம் முதலமைச்சர்களாக இருந்த லால்தன்ஹாவ்லா, சோரம்தங்கா பெயர்களை டிவியில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அன்றைக்குத்தான் அது உறைத்தது.

காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் லாட்ஜில் 17 வருஷமாக ரிசப்ஷன் பார்க்கிறேன். எங்களிடம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், மேகாலயா, திரிபுரா, அப்புறம் வங்கதேசம். எல்லாரும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்கள். எங்கள் பக்கம் கடை போர்டுகள் வங்காளியில் இருக்கும், சாப்பாட்டுக் கடைகளில் கடுகெண்ணெய் வாசம் வரும். இப்போது என் அக்கா மகளும் அணைக்கட்டு ஊரிலிருந்து வரும் ஒரு பையனும் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர், ஆட்டோ என்று எங்கே வேலை பார்த்தாலும் இது உதவும்.

உடம்பு பிறக்கும்போதே வருகிறது. யார் முதலில் பேச வேண்டும், யார் அழலாம், யார் சமைக்க வேண்டும், எந்த வளையலை எப்போது கழற்றலாம் என்பதெல்லாம் அப்புறம் ஊர் கற்றுக்கொடுத்தது. சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டதால் அதுவும் உடம்போடு வந்தது மாதிரி நமக்குத் தோன்றுகிறது. வேறு ஊரில் வேறு மாதிரி கற்றுக்கொண்டு வந்தவரை நம் ஊர்க் கணக்கில் படித்தால் தப்பாகத்தான் படிப்போம்.

இந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையே இதுதான். ஐடா ஸ்கடர் 1870-இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவின் அப்பா டாக்டர்தான், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆண் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் சி.எம்.சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1947-இல்தான் ஆண் மாணவர்களைச் சேர்த்தார்கள்.

அந்த மூன்று கணவர்களுக்கும் மனைவி மேல் அன்பில்லை என்று நான் நினைக்கவில்லை. அன்பில்லாதவன் ராத்திரியில் எழுந்து வந்து கதவைத் தட்டுவானா? வேற்று ஆண் தொடக்கூடாது என்பதும் மனிதர் போட்ட விதி, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பதும் மனிதர் போட்ட விதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று உயிர் போனது. அதனால் இது வெறும் மரியாதை விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நோட்டில் எழுதும்போது

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். குரலை வைத்தும் வேண்டாம். ‘பேஷண்ட் ஆணா, பெண்ணா, என்ன வயது, கூட வரும் அட்டெண்டர் யார்’ என்று நேராகக் கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வங்காளிக்காரர்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நம் மொழியில் வினைச்சொல்லே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும்: வந்தான், வந்தாள். வங்காளியில் அது கிடையாது. ‘ஷே’ என்றால் அவனும்தான், அவளும்தான். மரியாதையாகச் சொல்ல ‘தினி’, அதுவும் இருவருக்கும் பொது. அவர்கள் இந்தி பேசினாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும், மனைவியைப் பற்றி ஆண்பாலில் பேசுவார்கள். அதைக் கேட்டுவிட்டு நோட்டில் ‘ஆண்’ என்று எழுதினால் தப்பு நம் மேல்தான். நம் மொழியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘குழந்தை அழுதது’ என்கிறோம், அங்கே ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ‘டாக்டர் வந்தார்’ என்கிறோம், அதிலும் தெரியாது. ஆனால் புருஷனை ‘அவர்’ என்றும் பெண்டாட்டியை ‘அவ’ என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் வெளியூர்ப் பெண்ணிடமும் ஒருமையில் பேசிவிடாதீர்கள். வங்காளியில் ‘ஆப்னி’ என்று சொன்னால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மரியாதை.

வயதான பெண்ணிடம் கணவர் பெயரைக் கேட்டால் சில பேர் வாயே திறக்க மாட்டார்கள். காது கேட்கவில்லையோ என்று சத்தமாகக் கேட்காதீர்கள். என் பாட்டியும் தாத்தா பெயரைச் சொன்னதில்லை. ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

மேகாலயாவிலிருந்து காசி இனக் குடும்பங்கள் வந்தால் அப்பாவின் குடும்பப் பெயரும் பிள்ளையின் குடும்பப் பெயரும் ஒத்துப்போகாது. அங்கே குடும்பப் பெயர் அம்மா வழியில் வருகிறது. குடும்பச் சொத்தைக் கடைசி மகள் காத்து வருவாள். இது தெரியாத ஒரு கவுன்ட்டரில், ‘இவர் நிஜமாகவே அப்பாதானா’ என்று மகளை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அவர் லாட்ஜுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நாங்களும் அந்த வீட்டு விஷயத்தில் சரியாக நடக்கவில்லை. அணைக்கட்டுப் பையன் பில்லை மூன்று முறையும் அப்பா கையிலேயே கொடுத்தான். அவர் மூன்று முறையும் அதைக் கூட வந்த மச்சானிடம் கொடுத்தார். அம்மாவோடு பிறந்த மாமாவுக்குத்தான் அந்த வீட்டில் பெரிய சொல். இதைப் பையனுக்குப் புரியவைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. ‘உன் காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைத்தார்கள்’ என்று கேட்டேன். தாய்மாமன் என்றான். சரி, அந்த உரிமையை இன்னும் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார் என்றேன்.

யாரிடம் பேசுவது

‘கே கொதா போல்பேன்?’ இந்த வங்காளி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘யார் பேசுவீர்கள்?’ என்று அர்த்தம். குடும்பமே தன் ஆளைச் சொல்லும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு முர்ஷிதாபாத் டீச்சரிடம். கணவருக்கு இருதய ஆபரேஷன், கூட அவருடைய தம்பியும் வந்திருந்தார். முஸ்லிம் குடும்பம், அந்த அம்மா தலையில் முந்தானை போட்டிருந்தார். அதனால் எல்லாவற்றையும் தம்பியிடமே சொன்னேன். அட்வான்ஸ், எந்த கேட்டில் போக வேண்டும், ரத்தம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும், எல்லாம். மூன்றாம் நாள் அவர் மேஜை முன்னால் வந்து நின்று ‘ஆமாகே போலுன்’ என்றார். என்னிடம் சொல்லுங்கள். கணக்கு, முடிவு, கையெழுத்து எல்லாம் அவருடையது. தம்பிக்குப் பாதி விஷயம் புரியாமலேயே தலையாட்டியிருக்கிறார். நானே ஒரு பெண், நானே ஒரு லாட்ஜை நடத்துகிறேன், அப்படியிருந்தும் முந்தானையைப் பார்த்து அவரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வங்காளிப் பெண் இப்படி, காசிப் பெண் அப்படி என்று புதிதாக ஒரு கணக்கு போட்டுக்கொள்ளாதீர்கள். நான் மேலே எழுதியதெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். பதிலை எதிரே நிற்கிறவர் சொல்ல வேண்டும்.

சில வீடுகளில் கணவரோ மகனோதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார், பேஷண்டாக வந்த பெண் வாய் திறக்க மாட்டார். அங்கே கணவரைத் தாண்டிப் போய் அவரைத் தலைகுனிய வைக்க வேண்டாம். அதற்காக அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்காமலும் விடக்கூடாது. சுடுதண்ணி ஃப்ளாஸ்க் கொடுக்க நானே மாடிக்குப் போவேன். இரண்டு நிமிஷம் கிடைக்கும். அப்போது கேட்டால் பல விஷயம் வரும்.

ஒரு முறை அப்படித்தான். இருபத்தைந்து வயதுப் பெண், வயிற்று வலி. மொழிபெயர்க்க எங்களிடம் இருந்த பையனைக் கூட அனுப்பினேன். அவள் ‘ஷொரீர் காராப்’ என்று சொல்லியிருக்கிறாள். அவன் ‘உடம்பு சரியில்லையாம்’ என்று மொழிபெயர்த்துவிட்டான். வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனால் வங்காளிப் பெண்கள் மாதவிலக்கையும் இப்படித்தான் சொல்வார்கள், நம் வீட்டில் ‘தூரம்’ என்று சொன்ன மாதிரி. பதினைந்து நாளாக உதிரம் நிற்கவில்லை என்பதைத்தான் அவள் அத்தனை பேர் நடுவில், வேற்று ஆண் பிள்ளையிடம், அந்த இரண்டு வார்த்தையில் சொல்லப் பார்த்திருக்கிறாள். அன்று ராத்திரி மாடியில் என்னிடம் சொன்னாள். மறுநாள் நானே கூடப் போனேன். அதிலிருந்து எங்கள் லாட்ஜில் ஒரு வழக்கம்: பெண் பேஷண்டுக்கு மொழிபெயர்க்கப் பெண்தான் போவார். மகனை வைத்து அம்மாவின் கர்ப்பப்பை விஷயத்தைக் கேட்க மாட்டோம். ஆண் பேஷண்டுக்கும் இதே மரியாதை உண்டு. மூத்திரப் பிரச்னையோடு வந்த பெரியவர் மருமகள் முன்னால் எப்படி வாய் திறப்பார்?

வளையல்

வங்காளி இந்துப் பெண்கள் கல்யாணமானால் கையில் வெள்ளைச் சங்கு வளையல், சிவப்புப் பவள வளையல், கூடவே இரும்பு வளையல் ஒன்றும் போடுவார்கள். ஷாங்கா, போலா, நோவா என்று பெயர். நம் தாலிக்கு என்ன மதிப்போ அதுதான் இவற்றுக்கு. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகவே கூடாது.

மேதினிபூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், ஓர் இடத்தில், ஒரு ஊழியர் இரண்டு கையையும் மோதிக் காட்டி ‘கழற்ற வரலைன்னா உடைச்சுட்டு வாங்க’ என்று சைகை செய்திருக்கிறார். அவருக்கு அது பத்து ரூபாய் வளையல். அந்தப் பெண்ணுக்கு, கணவர் செத்தால்தான் உடைப்பார்கள். கணவர் கீழே மருந்து வரிசையில் நிற்கிறார். அவருக்கு என்னமோ ஆகிவிட்டதைத்தான் சைகையில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கேனை விட்டுவிட்டு லாட்ஜுக்கு ஓடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கதறினாள்.

இதைச் செய்ய வழி இருக்கிறது. முதலில் உடைப்பது என்ற பேச்சோ சைகையோ வரவே கூடாது. ‘குலே ராகுன்’ என்று சொல்லுங்கள், கழற்றி வையுங்கள் என்று அர்த்தம். உடனே அடுத்ததையும் சொல்ல வேண்டும்: ‘பொரே ஆபார் போர்பேன்’, அப்புறம் மறுபடியும் போட்டுக்கொள்வீர்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால் முதல் வாக்கியம் பயமுறுத்தும். பிறகு ஒரு பெண் உதவ வேண்டும். சங்கு வளையல் விரியாது, வளையாது. தேங்காய் எண்ணெய் தடவி, கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி மெதுவாக இழுங்கள். கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் வளையல் விரிசல் விடும். வெளியே எடுத்ததும் தரையில் வைக்காமல் ஒரு சுத்தமான துணியில் முடிந்து அவள் கையிலேயே கொடுங்கள். அந்த மேதினிபூர்ப் பெண் மாமியாருக்குப் போன் போட்டாள். மாமியார் ஒரு சிவப்பு நூலைக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நான் கட்டிவிட்டேன். என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தாலிச் செயினைக் கழற்றிவிட்டு மஞ்சள் துண்டு கோத்த கயிறு கட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

கையில் வளையல் இல்லாத பெண்ணை விதவை என்று எண்ணுவதும் இதே தப்புதான். வங்காளி முஸ்லிம் பெண்கள் ஷாங்கா போடுவதில்லை. வேலைக்குப் போகும் இந்துப் பெண்கள் பலரும் போடுவதில்லை. பொட்டு இல்லை என்றதும் நாம் ஒரு முடிவுக்கு வருகிறோமே, அதுவும் வேண்டாம்.

ஆண்களைப் பற்றி

பாலினம் என்றாலே பெண்கள் விஷயம் என்று நினைக்கிறார்கள். நம் ஊர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியை நினைத்துப் பாருங்கள். தாடியை எடு, மீசையை இப்படி வை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்தது. வேறு காரணங்களும் இருந்தன, திப்புவின் குடும்பம் அப்போது கோட்டைக்குள்தான் இருந்தது. ஆனாலும் பற்ற வைத்தது அந்த உத்தரவு. கடுக்கன் போட்ட காது சிப்பாய்க்கு ஆணின் அடையாளம், உத்தரவு போட்டவர்களுக்கு அது ஒழுங்கில்லாத வேஷம்.

துணியும் அப்படித்தான். குடியாத்தம் கைலி நமக்கு ஆண்களின் உடை. இம்பாலிலிருந்து வரும் பெண்கள் இடுப்பில் சுற்றியிருக்கும் ஃபானெக்கைப் பார்த்து, ‘பொம்பளை கைலி கட்டியிருக்கு’ என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேசுகிறார்கள். அவர்கள் ஊரில் அது பெண்களின் மரியாதையான உடை.

சமையல் அடுத்தது. எங்கள் லாட்ஜில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருவோம். மனைவிக்கு உடம்பு முடியாதபோது கணவர் அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் அறுப்பார். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கி வருவார்கள். அதைக் கிண்டும் மாஸ்டர் யார்? கல்யாணத்தில் சமைப்பவர் யார்? கூலி வந்தால் ஆண் வேலை, கூலி இல்லை என்றால் பெண் வேலை என்று நம் ஊர்தான் பிரித்து வைத்திருக்கிறது.

அழுகை பற்றி ஒன்றே ஒன்று. மகன் இறந்துபோன ஒரு திரிபுரா அப்பா எங்கள் வாசலில் தரையில் உருண்டு அழுதார். ‘ஆம்பளை இப்படி அழலாமா, எழுந்திருங்க’ என்று அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார் தெருக்காரர் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு நாற்காலி போடுங்கள், தண்ணீர் வையுங்கள், தள்ளி நில்லுங்கள்.

கூப்பிடும் விதம்

‘திதி’, ‘தாதா’ இரண்டும் வங்காளி இந்துக்களிடம் பெரும்பாலும் சரியாக இருக்கும்: அக்கா, அண்ணா. ‘தாதா’ என்று ஒரு பெண் உங்களைக் கூப்பிட்டால் ரவுடி என்கிறாள் என்று நினைக்க வேண்டாம். வங்காளி முஸ்லிம்களிடம் ‘ஆபா’, ‘பாய்’. வயதானவரை ‘மாஷி’ என்றால் சித்தி, பெரியம்மா என்று பாசமாகவும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வீட்டு வேலை செய்பவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் நான் திதியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணை எல்லாம் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடச் சொல்லி அட்டெண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் டாக்டராக இருக்கலாம். ஆண் நர்ஸை ‘பிரதர்’ என்பார்கள், அதையும் சொல்லி அனுப்புங்கள்.

திருநங்கைகள் தங்க வந்தால் அவர் சொல்லும் பெயரிலேயே கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே அவர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள், 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினம் என்று ஏற்றுக்கொண்டது. லாட்ஜ் நோட்டில் மட்டும் எம், எஃப் என்று இரண்டே கட்டம் இருந்தால் எப்படி? வங்கதேசத்தவர் மாதிரி வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்பும் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் எழுத வேண்டும். அது படிவத்துக்கு. பேசும்போது அவர் விருப்பம்.

இந்த மாதம் பழைய நோட்டு முடிகிறது. காகிதப்பட்டறையில் ஒரு பிரஸ்ஸில் புதிது அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு கேள்வி போடச் சொன்னேன்: பேஷண்டை எப்படிக் கூப்பிட வேண்டும்? ராத்திரியில் ஏதாவது என்றால் யார் கதவைத் தட்ட வேண்டும்? தமிழிலும் வங்காளியிலும் வருகிறது. காசி மொழியில் எழுதித் தர, போன மாதம் தங்கிப் போன ஒரு ஷில்லாங் பெண் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.